ஸ்வேட் ஷூவை ஊற வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புப் பகுதியில், ஸ்வேட் ஷூவை, அதாவது மேலே வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் தோல் ஷூவை, சுத்தம் செய்வது எப்படி என்று மூன்று வரி போட்டிருந்தீர்கள். ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டுமாம். பழைய டூத் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து வெயிலில் காய வைக்க வேண்டுமாம். கடைசியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் புதிது போல மின்னுமாம். மூன்று வரியும் தப்பு. அதிலும் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, ஸ்வேட் மின்னவே கூடாது. மின்ன ஆரம்பித்துவிட்டால் அதன் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்து கழற்றி வைத்திருந்த பழுப்பு ஷூவை அப்படியே பக்கெட்டில் போட்டுவிட்டார். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார். காய்ந்த பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் விறைத்துப் போயிருந்தது. தையல் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. உள்ளே இருக்கும் அட்டை சுருண்டு, ஒரு கால் சோல் வாய் பிளந்திருந்தது. சோலை ஒட்டிக் கொடுத்தேன். விறைத்த தோலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

என்னிடம் ஏன் வந்தார் என்றால், நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தைத்து, லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சில் ஏற்றி, சோல் ஒட்டி எங்கள் மேஜைக்கு வரும் ஷூவில் பசைக் கறை இருக்கும், கைரேகை இருக்கும், கோடு போட்ட வெள்ளிப் பென்சில் தடம் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்து, நாப்பை, அதாவது தோல் மேல் நிற்கும் குட்டி நார்களை, எழுப்பி, இரண்டு காலும் ஒரே நிறமாகத் தெரிகிறதா என்று டியூப் லைட் அடியில் பார்த்துத்தான் பெட்டியில் போடுவோம். ஸ்வேட் நாளில் எல்லோருக்கும் அலுப்பு வரும். எனக்கு மட்டும் அதுதான் பிடிக்கும். கை போன போக்கில் நிறம் மாறுகிற தோல் வேறு எது?

ஏன் ஊற வைக்கக் கூடாது என்று புரிய வேண்டுமென்றால், அது எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் ஈரமாக, நீல நிறத்தில் வரும். எங்கள் பக்கத்தில் வெட் ப்ளூ என்பார்கள். தடிமனான அந்தத் தோலை ஸ்ப்ளிட்டிங் மெஷினில் விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் பட்டைக் கத்தி அதை மேலடுக்கு, கீழடுக்கு என்று பிரித்துவிடும். மேலடுக்கில் முடி இருந்த பக்கம், அதாவது கிரெயின், அப்படியே இருக்கும். கீழடுக்குக்குக் கிரெயின் கிடையாது. இரண்டு பக்கமும் வெறும் நார்தான். அதை எமரி என்கிற உரசும் தாள் சுற்றிய உருளையில் கொடுத்து உரசி எடுப்பதுதான் பல ஷூக்களில் நீங்கள் பார்க்கும் ஸ்வேட். ஆட்டுத்தோல் மெல்லியது, அடுக்கு பிரிக்க அவசியமில்லை. அதன் சதைப் பக்கத்தையே உரசி ஸ்வேட் எடுப்பார்கள். நாப் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். நுபக் என்பது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். கிரெயினையே நைசான எமரியால் லேசாகத் தொட்டு எடுப்பது. தோலின் உறுதியான பகுதி அங்கே இருப்பதால் நுபக் நாள்பட உழைக்கும், விலையும் கூடுதல். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

சாதாரண லெதர் ஷூவுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. தூசியும் தண்ணீரும் அந்தப் பூச்சோடு நின்றுவிடும். ஸ்வேட்டுக்கும் நுபக்குக்கும் அந்தக் கூரை இல்லை. நாரெல்லாம் திறந்து கிடக்கிறது. மெழுகு பாலிஷ் போட்டால் அந்த நாரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிடும். எண்ணெய் போட்டால் ஆழமாக இறங்கிக் கறுத்துவிடும். தோல் மிருதுவாக இருப்பதற்கு வேண்டிய எண்ணெயை டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம்மில் சுற்றும்போதே அளவாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஷாம்பூத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் வெளியே வருவது அழுக்கு மட்டுமல்ல, அந்த எண்ணெயும் சாயமும் சேர்ந்துதான் வருகிறது. அதற்குப் பிறகு வெயில் வேறு. எண்ணெய் போன நார் காய்ந்தால் விறைக்காமல் என்ன செய்யும்?

டூத் பிரஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி லேபில் ரப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வெள்ளை ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளித் துண்டால் தோலைத் தேய்த்து, ஃபெல்ட்டில் எவ்வளவு நிறம் ஏறியது என்று பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 வந்தால் நிறம் ஒட்டவே இல்லை என்று பொருள். அடர் நிற ஸ்வேட், காய்ந்த ஃபெல்ட்டில் சுமாராகத் தேறும். ஈர ஃபெல்ட்டில்தான் மாட்டிக்கொள்ளும். ஈரத்தோடு தேய்க்காதீர்கள் என்று நாங்கள் தலைபாடாய் அடித்துக்கொள்வது இதனால்தான். புதிதாக வாங்கிய கருநீலம், மெரூன், கறுப்பு ஸ்வேட் ஷூவை முதல் சில நாள் வெள்ளை சாக்ஸோடு போட வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். எமரியில் உரசியபோது வந்த தூசி கொஞ்சம் நாருக்குள் மிச்சம் இருக்கும். வாங்கி வந்ததும் ஒருமுறை வாசலில் வைத்து நன்றாக பிரஷ் போட்டுவிட்டால் பாதி குறைந்துவிடும்.

சரி, என்னதான் செய்வது? பிரஷ்தான். முக்கால்வாசி வேலையைக் காய்ந்த பிரஷ் செய்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை, அந்த பிரஷ் வாழ்நாளில் ஒருமுறைகூட பாலிஷைத் தொட்டிருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் ஷூ பிரஷ்ஷைத் துவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். புதிதாக ஒன்று வாங்கித் தனியாக வையுங்கள். போட்டுவிட்டு வந்ததும் தூசியை ஒரே திசையில் தட்டிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் தூசி உள்ளேதான் போகும். தூசி போன பிறகு எதிர்த்திசையில் மெதுவாக ஒரு ஓட்டு. படுத்த நாப் எழும். கடைசியாக எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக இழுத்துவிட்டால் நிறம் சீராகத் தெரியும். இரண்டு காலையும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கால் வெளிர், ஒரு கால் அடர் என்று தோன்றும். எங்கள் மேஜையிலிருந்து இதற்காகவே ஜோடி ஜோடியாகத் திரும்பி வரும்.

பித்தளைக் கம்பி பிரஷ் என்று ஒன்று விற்கிறார்கள். முரட்டு ஸ்வேட்டில், கணுக்கால் மடிப்பில் படுத்துப்போன இடத்துக்கு மட்டும் அது சரி, அதுவும் கையை அழுத்தாமல். நுபக் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. கீறல் விழுந்தால் விழுந்ததுதான். நுபக்குக்கு மென்மையான முடி பிரஷ் அல்லது கிரேப் ரப்பர் பிரஷ் போதும். நுபக்கில் பேன்ட் உரசி உரசி ஒரு இடம் பளபளத்துவிட்டால் ஹார்டுவேர் கடையில் 400 நம்பர் உப்புத்தாள் வாங்கி, பளபளக்கும் இடத்தை மட்டும் ஊதினாற்போல இரண்டு தடவை தொட்டு எடுங்கள். டேனரியில் செய்த அதே வேலையைத்தான் வீட்டில் செய்கிறீர்கள். பலம் காட்டினால் கிரெயின் போய்விடும்.

இந்தக் கடிதம் நீளமாக இருக்கிறது, வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். தயவுசெய்து ரப்பரை மட்டும் வெட்டாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர்தான் ஸ்வேட்டுக்கு முதல் வைத்தியம். பஸ் படியில் இடித்த கறுப்புத் தடம், மேஜைக் காலில் உரசிய கோடு, காய்ந்த சேற்றின் மிச்சம், எல்லாவற்றையும் ரப்பரால் எடுக்கலாம். சேறு என்றால் முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். ஈரச் சேற்றைத் துடைக்கப் போனால் ஒரு புள்ளி ஒரு கையளவு ஆகிவிடும். காய்ந்ததும் விரலால் உதிர்த்து, பிரஷ் போட்டு, பிறகு ரப்பர். வெள்ளை ரப்பர் என்று அழுத்திச் சொல்கிறேன். ரோஸ், பச்சை, பழ வாசனை ரப்பரெல்லாம் தன் நிறத்தைத் தோலில் விட்டுப் போகும்.

எண்ணெய்க் கறைக்கு வருகிறேன். நான் இருப்பது ஆம்பூர். இங்கே ஷூ மேல் விழுவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிரியாணியோ, கூட வைக்கும் கத்திரிக்காய் தொக்கோ விழுந்துவிட்டால் டிஷ்யூவால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடனே கார்ன்ஃப்ளாரையோ முகத்துக்குப் போடும் பவுடரையோ தாராளமாகக் கொட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பிரஷ் போடுங்கள். கறை இன்னும் தெரிந்தால் திரும்பவும் கொட்டுங்கள். அடர் நிறத் தோலில் பவுடர் வெளுப்பு கொஞ்சம் நிற்கும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் ஒரு சாண் உயரத்தில் சில நொடி காட்டி பிரஷ் போட்டால் அது போய்விடும், நாப்பும் எழும். ஆவி என்றால் ஆவிதான், தோல் நனையும்வரை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இப்படிச் செய்தால் எண்ணெய்க் கறை போய்விடும். ஆனால் மஞ்சள்தூள் நிறம் முழுக்கப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இனி மழை. ஐப்பசியில் யாரும் வேண்டுமென்று ஸ்வேட் போடுவதில்லை, கல்யாண வீட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வதுதான். நனைந்த ஷூவை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். உள்ளே காகிதம் திணித்து, ஃபேன் காற்றில், நிழலில் வையுங்கள். காகிதம் ஈரமானதும் மாற்ற வேண்டும். உங்கள் பத்திரிகையைக் கறுப்பு ஷூவுக்குத் தாராளமாகத் திணிக்கலாம். வெளிர் நிற ஷூவுக்கு மட்டும் வேண்டாம், மை ஏறும். வெள்ளைக் காகிதம் வையுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அங்கங்கே சொட்டு விழுந்து வட்டம் வட்டமாக நின்றுவிட்டால் அதற்கு ஒரு வழி உண்டு. கேட்டால் நம்ப மாட்டீர்கள். வட்டம் வருவது, ஈரம் ஓரத்துக்குப் போய் அங்கே காய்வதால். அதனால் அந்தப் பாகம் முழுவதையும், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை, ஸ்பிரே பாட்டிலில் நைசாகத் தூவிச் சீராக ஈரமாக்க வேண்டும். ஊற வைப்பது அல்ல, பனி பெய்த அளவுக்கு. சுத்தமான வெள்ளைத் துணியால் ஒற்றி, காகிதம் திணித்து, நிழலில் காய வைத்து, முழுக்கக் காய்ந்ததும் பிரஷ். வட்டத்துக்கு ஓரமே இல்லாமல் போவதால் கண்ணுக்குத் தெரியாது. வியர்வையாலோ கடற்கரை ஈரத்தாலோ வந்த வெள்ளை உப்புக் கோட்டுக்கு, வெள்ளை வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றினால் போதும். எதையும் முதலில் ஷூ நாக்குக்கு அடியில், மறைவான இடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வர வேண்டும்.

மழைக்காலத்தில் வரும் இன்னொரு தொல்லை பூஞ்சணம். பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவுக்கு மேல் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். பூஞ்சணத்துக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. பருத்திப் பையில் வையுங்கள், பழைய தலையணை உறை போதும். பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் அதற்குள்ளேயே விட்டுவையுங்கள். பூத்துவிட்டால் வீட்டுக்குள் தட்டாமல் மொட்டை மாடியில் கொண்டுபோய் பிரஷ் போடுங்கள். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம் துணியில் தொட்டு, சாயம் வருகிறதா என்று மறைவில் பார்த்துவிட்டு, மேலாக ஒற்றிக் காற்றாட விடுங்கள்.

தண்ணீர் ஒட்டாமல் இருக்க அடிக்கும் ஸ்பிரே பற்றிக் கேட்கிறார்கள். நல்லதுதான். சுத்தமான, காய்ந்த ஷூவில், 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லியதாக இரண்டு பூச்சு அடித்து ஒரு நாள் காய விட வேண்டும். அடுப்படியிலோ, கதவு சாத்திய அறையிலோ அடிக்கக் கூடாது. அடித்துவிட்டோமே என்று மழையில் நடக்கவும் கூடாது. விழும் சொட்டு உருண்டு போக அவகாசம் கொடுக்கும், அவ்வளவே.

இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். அங்கேதான் என் வயிற்றெரிச்சல். நாங்கள் கட்டிய ஒவ்வொரு ஏற்றுமதிப் பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு வைப்போம். ஸ்வேட்டுக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாம் வரிசையாக இருக்கும். அதே ஷூ, ஆர்டர் மிச்சமாகவோ, சின்னக் குறையோடோ நெடுஞ்சாலை ஓரக் கடைக்கு வந்ததும் பெட்டி கிடையாது, சீட்டு கிடையாது. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, "பாலிஷ் போட்டா பளிச்சுனு இருக்கும் சார்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். உரித்தது, பதனிட்டது, வெட்டியது, தைத்தது எல்லாம் இந்த ஊர்க் கை. அந்த ஷூவைக் காப்பாற்றும் வழி மட்டும் தமிழில் ஒரு வரி இல்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் செருப்பு தைக்கும் அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். அவரிடம் இருப்பது கறுப்பு, பழுப்பு, நிறமில்லாத நியூட்ரல் என்று மூன்று பாலிஷ் டப்பா. ஸ்வேட்டை நீட்டினால் நியூட்ரலைப் போடுவார், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கள் ஊர் அண்ணன் ஒருவருக்கு ஒரு கிரேப் பிரஷ்ஷும் வெள்ளை ரப்பரும் வாங்கிக் கொடுத்து, ஓரமாக உட்கார்ந்து ஒரு ஜோடி செய்து காட்டினேன். இப்போது ஸ்வேட் வந்தால் டப்பாவைத் திறப்பதில்லை.

கடையில் வாங்கும்போது அது உண்மையான தோலா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. 1994-ல் வந்த ஐரோப்பிய விதிப்படி அங்கே விற்கும் ஷூவில் மேல்பாகம், உள்பாகம், சோல் மூன்றும் எதனால் ஆனது என்று படமாகவோ எழுத்தாகவோ காட்ட வேண்டும். விரித்த தோல் வடிவம் இருந்தால் தோல். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் பூசிய தோல். பின்னல் படம் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ பொருள். எக்ஸ்போர்ட் சரக்கு என்று சொல்லும் கடையில் அந்தச் சின்ன ஸ்டிக்கரைத் தேடுங்கள். மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழையில் ஸ்வேட் மாதிரியே செய்த ஷூ நிறைய வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், ஈரத் துணியால் துடைத்தாலும் தாங்கும். உங்கள் குறிப்பை எழுதியவர் அப்படி ஒன்றைத்தான் துவைத்துப் பார்த்தாரோ என்னவோ.

ஒரு ஷூவுக்கு இவ்வளவா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாலாற்றங்கரையில் குடியிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவர்களே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னதே, அது எங்கள் ஊர்த் தண்ணீருக்காகத்தான். அந்தத் தொழிலில் சோறு தின்றவள் நான், அதனால் இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமும் உண்டு. அப்படி வந்த தோலை ஒரு பக்கெட் ஷாம்பூத் தண்ணீரில் பாழாக்கிக் குப்பையில் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் வேண்டுகோள் இரண்டு. தீபாவளிக்கு ஷூ வாங்கும் கூட்டம் கடைக்கு வருவதற்குள் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம், அதே பகுதியில், அதே எழுத்து அளவில் போடுங்கள். உள்பக்கத்து மூலையில் போட்டால் ஊற வைத்தவர்கள் கண்ணில் படாது. இரண்டாவது, சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஸ்வேட், நுபக் பராமரிப்புக்குத் தமிழில் ஒரு பக்கத் துண்டுச் சீட்டு எழுதித் தரும்படி உங்கள் பத்திரிகை மூலமாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிக் கொடுத்தால் அச்சடித்துப் பெட்டியில் வைக்க ஷூ கம்பெனிகளுக்குப் பெரிய செலவு ஆகாது. நான்கு மொழியில் அடிக்கிறவர்களுக்கு ஐந்தாவது மொழி கனக்காது.

இப்படிக்கு,
ஷூ கம்பெனி முன்னாள் பணியாளர்,
ஆம்பூர்.